பென்சிலால் நிரப்பிய நாற்பத்தொரு படிவங்கள்

உளவியல் துறை அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்ததும் யசோதரா அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். ‘ஏ.டி.எச்.டி. ஆய்வகத்தில் மாணவ உதவியாளர்களுக்கு அரிய வாய்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சம்பளம் கிடையாது, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை, ஒழுங்காக உழைப்பவர்களுக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. எதைப் பெரிதாகப் போட வேண்டும், எதைச் சிறிதாகப் போட வேண்டும் என்று பல்கலைக்கழகங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் பிறந்து வளர்ந்தவள். பௌத்தத்துக்கு மாறிய குடும்பம், அதனால்தான் அந்தப் பெயர். சந்தில் எல்லோருக்கும் அவள் யசோ. அப்பா அவள் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்குக் கோரமங்களாவில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. யசோவுக்கு வீட்டில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கறிக்கடையில் தக்னி உருது, வகுப்பில் ஆங்கிலம். நாலும் தடுக்காமல் வரும்.

நேர்காணலில் இதைக் கேட்டதும்தான் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் அனந்தபத்மநாபன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவளுடைய மதிப்பெண் பட்டியலைச் சாப்பாட்டு பில்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டெல்லியில் வளர்ந்த தமிழர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார். அடுகோடித் தமிழ் வேகமாக வந்தால் பாதிக்குப் பாதி கைவிட்டுவிடும். அவருடைய ஆய்வோ அந்தச் சந்துகளைப் பற்றியது. ஒரு வேலையில் கவனம் நிற்காமல் ஓடுவது, கை கால் சும்மா இருக்க முடியாமல் தவிப்பது, இந்தக் கோளாறு ஏழை வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அம்மாக்களிடம் கேட்டு எழுத வேண்டும். அம்மாக்களிடம் பேச ஆள் வேண்டும். ஆள் தானாக நடந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

யசோவுக்கு வேண்டியதும் ஒன்றுதான். மருத்துவ உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு அந்தக் கடிதம் வேண்டும். சிபாரிசு செய்ய அவள் வீட்டில் மாமா சித்தப்பா என்று யாரும் இல்லை.

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி என்று நாலு கட்டங்கள். கேட்கும் முன், எப்போது வேண்டுமானாலும் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற சம்மதத் தாளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் நாள் அவள் போனது அதே சந்தில் இருந்த லாவண்யா வீட்டுக்கு. லாவண்யா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைப்பவள். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒரே பெண், தர்ஷினி, நாலாவது படிக்கிறாள்.

“கொடுக்கப்பட்ட வேலையை உங்கள் குழந்தை முடிக்காமல் பாதியில் விட்டுவிடுகிறதா?” என்று யசோ படிவத்தில் இருந்தபடியே வாசித்தாள்.

“அதெல்லாம் இல்லமா. முடிச்சிருவா.”

“பொருள்களை அடிக்கடித் தொலைத்துவிடுகிறதா?”

“சே சே. என் பொண்ணு தங்கம்.”

பதினெட்டுக்கும் இல்லை. அப்பழுக்கில்லாத குழந்தை. யசோ பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். லாவண்யா டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் குரல் மாறிவிட்டது.

“இன்னா சொல்றது யசோ, இந்த வருஷம் மட்டும் மூணு டிபன் பாக்ஸ் தொலைச்சிட்டா. ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள பத்து வாட்டி எழுந்திருப்பா. கூப்ட்டா காதுல விழாது, செவுத்த பாத்துக்குனு உக்காந்திருப்பா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அளவே இல்ல.”

யசோவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளும் அந்தச் சந்துதான். அங்கே பேனாவும் தாளுமாக வருகிறவன் எதற்கு வருவான்? வீட்டை இடிக்கக் கணக்கெடுக்க வருவான், ரேஷன் கார்டில் பெயரை வெட்ட வருவான், பள்ளிக்கூடத்திலிருந்து புகார் கொண்டுவருவான். அதனால் பேனா திறந்திருக்கும்வரை அங்கே எல்லாக் கேள்விக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். இது பொய் சொல்வது ஆகாது. குழந்தையைக் காப்பாற்றுவது. பேனா உள்ளே போனதும் மனுஷியோடு மனுஷி பேச ஆரம்பிப்பாள்.

மறுநாளிலிருந்து யசோ பென்சில் எடுத்துக்கொண்டு போனாள். முதலில் கேட்டுக் கட்டங்களில் குறிப்பாள். டீ குடிப்பாள், கதை கேட்பாள். பிறகு, “அக்கா, இப்ப சொன்னீங்களே, அதையே போட்டுக்கவா?” என்பாள். “போட்டுக்கோ, நீதான” என்பார்கள். முன்னே குறித்ததை ரப்பரால் அழித்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாக மறுபடியும் கேட்டு எழுதுவாள். லாவண்யா வீட்டுக்கும் மறுபடி போய், புதுப் படிவத்தில் பென்சிலால் இதேபோல எழுதினாள். ஒரு வீட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். கூட வேலை செய்த அதிதி வசதியான இந்திராநகர் பெண், கெட்டவள் என்று சொல்ல முடியாது, அரை மணி நேரத்தில் பேனாவால் பளிச்சென்று முடித்துவிட்டு வந்துவிடுவாள். அதிதியின் படிவங்களில், அவள் போய்வந்த ஈஜிபுராச் சந்துகளின் எல்லாக் குழந்தைகளும் தங்கங்கள்.

ஒரு முறைதான் கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும் என்பது ஆய்வக விதி. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தன் வழியைப் பற்றி யசோ சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மை எது என்று கண்ணுக்குத் தெரியும்போது இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

இன்னொன்றும் செய்தாள். “இதனால எங்களுக்கு இன்னா பிரயோஜனம்?” என்று அம்மாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவள் போய்ப் பேராசிரியரிடம் கேட்டாள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு அறிக்கை கொடுக்க முடியுமா சார் என்றாள். “பார்க்கலாம், முடிந்தால்” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் ‘பார்க்கலாம்’ சந்துக்கு வந்து சேரும்போது “கண்டிப்பா ரிப்போர்ட் குடுப்பாங்க அக்கா” என்று ஆகியிருந்தது. அவர் பேசுகிற எதையுமே அவள் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுவருவாள். ‘காத்திருக்கச் சொல்’ என்றால் ‘சார் உங்களைப் பத்தி விசாரிச்சாரு’ என்பாள். அந்தக் ‘கண்டிப்பா’ சுற்றிக்கொண்டு பேராசிரியர் காதுக்கும் போனது. படிவங்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்ததால் அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

பதினோரு மாதத்தில் யசோ நாற்பத்தொரு படிவங்கள் நிரப்பியிருந்தாள்.

இதற்கிடையில் லாவண்யாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. தர்ஷினியின் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ் அவளைக் கூப்பிட்டு, “உங்க பொண்ணுக்கு ஏதாவது பிராப்ளம் இருந்தா பெரிய எடத்துலருந்து பேப்பர் கொண்டாங்க. பிராப்ளம் இல்லன்னா அது திமிரு. திமிருக்கு இங்க எடமில்ல, டிசி வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசி திங்கட்கிழமை கெடு. லாவண்யா நேரே யசோ வீட்டுக்கு வந்தாள். “நீ சொன்னியே ரிப்போர்ட்டு, அது வந்துருமில்ல?” என்றாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கித் தரேன்க்கா” என்று யசோ சொன்னாள். இதில் சர்க்கரை இல்லை, அவள் உண்மையாகவே நம்பினாள்.

புதன்கிழமை பேராசிரியர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய படிவங்கள் இருந்தன. பக்கத்தில் அதிதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிவங்களைக் கணினியில் ஏற்றும்போது ரப்பர் தடங்களைப் பார்த்தவள் அவள்தான். பார்த்ததைப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“நாற்பத்தொரு படிவம். எல்லாவற்றிலும் பதிலை அழித்து மாற்றி எழுதியிருக்கிறாய். இதற்கு ஆய்வில் என்ன பெயர் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திருட்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. யசோ மூச்சுவிடாமல் விளக்கினாள். பேனா, டீ, முதல் பதில், இரண்டாவது பதில் எல்லாம் சொன்னாள். அவர் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “சுவாரஸ்யமாக இருக்கிறது. இதை வைத்துத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ஆனால் இந்த ஆய்வின் விதி வேறு. உன் படிவங்கள் செல்லாது” என்றார்.

விதிப்படி அவர் சொன்னது சரி. யசோவே அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அவளைக் கொதிக்கவைத்தது.

“ஆனால் ஒரு வழி இருக்கிறது. பென்சில் அழுத்திய தடம் தாளில் இருக்கிறது. அதிதி விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறாள், முதல் பதில்கள் தெரிகின்றன. அவற்றையே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. எல்லாம் செல்லும். கட்டுரையில் உன் பெயர் மூன்றாவதாக வரும். பரிந்துரைக் கடிதத்தையும் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.”

“அப்ப தர்ஷினி ரிப்போர்ட்ல என்ன சார் வரும்?”

“முதல் பதில்களின்படி ஒரு கோளாறும் இல்லை என்று வரும்.”

கோளாறு இல்லை என்றால் திமிர். திமிர் என்றால் டிசி. பல்கலைக்கழக முத்திரையோடு, தன் கையெழுத்தோடு, தானே அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்த வேண்டும். அதற்குக் கூலி ஒரு கடிதம். யசோ மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

“நாளைக்குச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யசோ எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா கடைசியில், “எழுதிக் குடுத்துடேன்டி” என்றாள். “நாப்பது பேருக்காக உன் படிப்ப பாழாக்கிக்குவியா? ரெண்டு வருசமா அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல நான் யாருக்காகத் தொடைக்கிறேன்?”

“நீ வாங்கிக் குடுத்த படிப்புல பொய் எழுதச் சொல்றியாமா?”

“அது அவங்களே சொன்ன பதிலுதான, எங்கருந்து பொய் வந்துச்சி?”

அம்மா கேட்டது பேராசிரியர் கேட்டதைவிட நல்ல கேள்வி. அதனாலேயே யசோவுக்கு இன்னும் கோபம் வந்தது. தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பேராசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ‘ஒரே ஒரு அம்மாவை அழைத்து வருகிறேன் சார். நீங்களே கேளுங்கள். உங்கள் காதால் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.’ அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். கேள்வி கேட்கும்போது யசோ வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை லாவண்யா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே யசோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். “சாரே கேக்கப் போறாரு. எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்கக்கா. தர்ஷினி பேப்பரு அதுலதான் இருக்கு.” லாவண்யா, “சொல்றேன், எனக்கு இன்னா பயம்?” என்றாள். ஆத்திரமாகத்தான் வந்தாள். படியேறும்போதுகூட, “எம்பொண்ணுக்குத் திமிராம்ல, திமிரு” என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

அறைக்குள் குளிர் ஊதிக்கொண்டிருந்தது. பேராசிரியர் எழுந்து வணக்கம் சொன்னார், நாற்காலி காட்டினார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்துத் திறந்தார்.

“கொடுக்கப்பட்ட… வேலையை… உங்கள் குழந்தை முடிக்காமல் பாதியில்… விட்டுவிடுகிறதா?”

லாவண்யா பேனாவைப் பார்த்தாள்.

“இல்லைங்க சார்.”

யசோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர் கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். பொருள்களைத் தொலைப்பாளா? இல்லைங்க சார். கூப்பிட்டால் கவனிக்காமல் இருப்பாளா? அதெல்லாம் கேப்பாங்க சார். ஒவ்வொரு பதிலுக்கும் லாவண்யாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நேரானது. புடவைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். யசோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். யார்மேல் அவளுக்குக் கோபம் அதிகம் என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷம் லாவண்யாமேல்தான் என்று சொல்லியிருப்பாள். வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லத் தெரியாதா இவளுக்கு! பெற்ற பெண்ணுக்காகக்கூடவா சொல்ல வராது!

பதினெட்டாவது ‘இல்லை’யையும் எழுதிவிட்டுப் பேராசிரியர் யசோவைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கணக்கு சரியாக வந்ததும் வாத்தியார் சிரிக்கிற சிரிப்பு. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். அதிதியிடம் மூன்று டீ சொல்லச் சொன்னார்.

டீ வந்தது. லாவண்யா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சார்,” என்றாள். “நேத்து அவள கரண்டிக்காம்பால அடிச்சேன் சார்.”

பேராசிரியர் நிமிர்ந்தார்.

“நோட்டு எங்கடின்னு கேட்டேன். தெரியலன்னா. ஸ்கூலுக்குப் போய் தேடனா நோட்டு குப்பத்தொட்டிகிட்ட கெடக்குது. அவளுக்கே தெரியல சார் அங்க எப்பிடிப் போச்சின்னு. மிஸ்ஸு ஸ்கேலால அடிக்கிறாங்க, நான் வூட்ல அடிக்கிறேன். புறங்கை வீங்கிப்போச்சி. தூங்கறப்பக்கூட காலு ஆடிக்கினே இருக்கும் சார். ‘நான் வேணும்னு பண்ணலம்மா’ன்னு சொல்றா. நான் நம்பல சார். அடிச்சப்பறம்தான் நம்பினேன்.”

நிறுத்தாமல் பேசினாள். டீ ஆறி ஏடு கட்டியது. அந்தப் படிவத்தின் பதினெட்டுக் கேள்விகளுக்கும் பதில் அந்தப் பேச்சில் இருந்தது, கேட்காத கேள்விகளுக்கும் இருந்தது. பேராசிரியருக்குப் பாதி புரிந்திருக்கும். ஆனால் எதற்கு அழுகிறாள் என்று புரிய அது போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யசோவிடம் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்.

“நான் அவளை நம்புகிறேன். நீ சொன்னதும் உண்மைதான் என்று தெரிகிறது. ஆனால் படிவத்தில் எழுதும்போது சொல்லாததை நான் எடுத்துக்கொள்ள முடியாது. இவள் பேச்சால் என் ஆய்வுக்கு ஒரு உபயோகமும் இல்லை. அறிக்கை கிடையாது. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு.”

“சார் இன்னா சொல்றாரு யசோ?” என்றாள் லாவண்யா.

பக்குவமாகச் சொல்வது. பதினோரு மாதமாக அந்த ஆய்வகத்தில் யசோ பார்த்த உண்மையான வேலை அதுதான். அவளுடைய நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது. சார் யோசிக்கறேன்னு சொன்னாரு அக்கா, இன்னும் கொஞ்சம் நாளாகுமாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

“நீங்க சொன்னது அத்தனையும் உண்மைன்னு அவருக்குத் தெரியுமாம். ஆனா அவரு ஆராய்ச்சிக்கு அது உபயோகமில்லையாம். ரிப்போர்ட் கிடையாதாம். உங்கள பக்குவமாப் பேசி அனுப்பிச்சிடச் சொல்றாரு.”

“யசோதரா!” என்றார் பேராசிரியர். இந்தத் தமிழ் அவருக்கு முழுசாகப் புரிந்திருந்தது.

லாவண்யா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி யசோவைப் பார்த்தாள்.

“கண்டிப்பா குடுப்பாங்கன்னு சொன்னியே. அது அவரு சொன்னதா, நீ சொன்னதா?”

யசோவின் கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்து, திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது.

“நான் சொன்னதுதான்க்கா,” என்றாள். “அவரு பாக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் சேத்துச் சொல்லிட்டேன்.”

“சார் விசாரிச்சாரு விசாரிச்சாருன்னு சொல்லுவியே?”

“அதுவும் நான்தான்.”

லாவண்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேஜைமேல் இருந்த பென்சில் படிவங்களைக் காட்டினாள்.

“சார், எம்பொண்ணு பேப்பரு உங்களுக்கு உபயோகமில்லல்ல? அப்ப குடுத்துருங்க. எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம்னு கையெழுத்து வாங்கறப்ப யசோ படிச்சுக் காட்டினா.”

அதிதிதான் படிவக் கட்டிலிருந்து அந்த ஒரு படிவத்தை உருவிக் கொடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. யசோ கழுத்திலிருந்த ஆய்வக அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே மரத்தடியில் வந்ததும் லாவண்யா நின்றாள். அறைவாளோ என்று யசோ நினைத்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள்.

“நாளைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நீ கூட வரே,” என்றாள் லாவண்யா. “அங்கயும் டாக்டருங்க இங்கிலீஷ்தான் பேசுவாங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ அத்தயே எனக்குச் சொல்லு. நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. உன் சர்க்கரையெல்லாம் நீயே வச்சிக்கோ.”

ஆய்வகக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். யசோவின் படிவங்கள் குப்பைக்குப் போயின. அதிதியும் மற்றவர்களும் பேனாவால் எழுதியவற்றை வைத்துக் கட்டுரை வெளிவந்தது. நகரத்து ஏழைக் குடும்பங்களில் இந்தக் கோளாறு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று முடிவு. ஏதோ ஓர் ஊரில் ஒரு மாநாட்டில் அதை வாசித்தபோது கைதட்டினார்களாம். தட்டட்டும். யசோவுக்குக் கடிதம் கிடைக்கவில்லை, அந்த வருஷம் விண்ணப்பமும் போடவில்லை. மற்ற நாற்பது வீடுகளுக்கும் நடந்துபோய், நான் சேர்த்துச் சொன்னேன், ரிப்போர்ட் வராது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்களில் பலரைச் சனிக்கிழமைதோறும் அரசு ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள்.

முதல் சனிக்கிழமை தர்ஷினியுடையது. காலை ஆறரைக்கே வரிசை. தர்ஷினி வரிசைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். மதியம் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா பென்சில் படிவத்தை வாங்கிப் பார்த்தார், ரப்பர் தடத்தைப் பற்றிக் கேட்டார், யசோ உள்ளதைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு லாவண்யாவிடம் பேசச் சொன்னார். கையில் பேனா இருந்தது. லாவண்யா அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தாளைக் காட்டிவிட்டு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை யசோ ஒன்றுவிடாமல் சொன்னாள். அநேகமாக இந்தக் கோளாறுதான், முழுப் பரிசோதனைக்கு எட்டு வாரம் ஆகும், சில வருஷம் வந்துபோக வேண்டியிருக்கும், நீங்கள் அடிப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். கடைசியைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் தடுமாறியது. ஆனால் சொன்னாள். லாவண்யா தலையைக் குனிந்துகொண்டு, “சரின்னு சொல்லு” என்றாள். டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஹெட்மிஸ் அறையில் டிசி தயாராக இருந்தது. அவர் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, படித்தவளாகத் தெரிந்த யசோவிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

“மேடம் இன்னா சொல்றாங்க?” என்றாள் லாவண்யா.

யசோ ஹெட்மிஸ்ஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உங்கள மாதிரி வீட்டுல இருந்து வர்றவங்களுக்குப் பிள்ளய வளக்கத் தெரியாதாம். ஆஸ்பத்திரியில போய் உக்காந்து பேப்பர் வாங்கத்தான் தெரியுமாம்.”

ஹெட்மிஸ் வெடுக்கென்று நிமிர்ந்தார். அவரும் அடுகோடிதான், தமிழ் நன்றாகவே தெரியும். தான் சொன்னதைத் தமிழில் கேட்க அவர் தயாராக இல்லை.

லாவண்யா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆமா மேடம், எனக்கு வளக்கத் தெரியல. அடிச்சிருக்கேன். அத எழுதிக்கோங்கன்னு நானே டாக்டருகிட்ட சொல்லிட்டேன். ரெண்டாவது பக்கத்துல இருக்குது, பாருங்க. அதுக்குக் கீழயே உங்க மிஸ்ஸு ஸ்கேலால அடிச்சி அவ கை வீங்கினதும் இருக்குது. தேதி போட்டு எழுதச் சொன்னேன்.”

ஹெட்மிஸ் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். டிசியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். வாசலில் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழுமாக இழுத்து விளையாடிக்கொண்டிருந்த தர்ஷினியைப் பார்த்தார்.

“கிளாஸுக்குப் போமா,” என்று தமிழில் சொன்னார்.